கார்னர்பேக்கா, ரிசீவரா? ஒரு கல்லூரி வீரரின் இடமாற்றக் கணக்கு

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் வசந்தகாலப் பயிற்சி தொடங்கும் நேரத்தில், சில இளம் வீரர்களைப் பயிற்சியாளர் தனியாக அழைத்துப் பேசுவார். தடுப்பு அணியில் கார்னர்பேக்காக ஆடிக்கொண்டிருப்பவனிடம், "தாக்குதல் அணிக்கு வா, ரிசீவராக ஆடு" என்பார். அந்தப் பையனுக்கு வயது பத்தொன்பதோ இருபதோ இருக்கும். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடும் ஆசை எந்த வீரனுக்கும் உண்டு. தொலைக்காட்சியில் பெயர் அடிபடுவதும் ரிசீவர்களுக்குத்தான். அதனால் பெரும்பாலோர் யோசிக்காமல் தலையாட்டிவிடுகிறார்கள். ஆனால் அவன் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன: இருந்த இடத்திலேயே இருப்பது, மாறுவது, இரண்டு பக்கமும் ஆடுவது. மூன்றிலும் போனவர்களின் கதை நம்மிடம் இருப்பதால், ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆட்டத்தைப் பழகாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். ரிசீவர் என்பவர் குவார்ட்டர்பேக் எறியும் பந்தைப் பிடிப்பவர். கார்னர்பேக் அவரை நிழல்போலத் தொடர்ந்து, அந்தப் பந்து அவர் கைக்குப் போகாமல் தடுப்பவர். முடிந்தால் தானே பறித்துவிடுவார். இருவரும் ஆட்டம் முழுக்க நேருக்கு நேர் நிற்கிறார்கள். வேகம், துள்ளல், உடல் எடை எல்லாம் ஏறத்தாழ ஒன்றுதான். அதனால்தான் ஒருவரை மற்றவராக்கும் யோசனை பயிற்சியாளர்களுக்கு அடிக்கடி வருகிறது.

இந்தக் கேள்விக்கு ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தைவிட நல்ல பாடசாலை இல்லை. ஜிம் டிரெசல் தலைமைப் பயிற்சியாளராக இருந்த காலத்தில், இரண்டே ஆண்டு இடைவெளியில், எதிரெதிர் திசைகளில் இரண்டு மாற்றங்கள் அங்கே நடந்தன.

முதலாமவர் கிறிஸ் கேம்பிள். 2002 பருவத்தை ரிசீவராகத் தொடங்கினார். நடுவில் தடுப்பு அணியில் ஆள் தேவைப்பட, கார்னர்பேக்காகவும் இறக்கினார்கள். பென் ஸ்டேட்டுக்கு எதிரான ஆட்டத்தில் அவர் பறித்த ஒரு பந்தை 40 யார்டு ஓடி டச் டவுனாக்கினார், அதாவது எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்த்துப் புள்ளி பெற்றார். ஒஹையோ ஸ்டேட் 13-7 என்று வென்ற அந்த ஆட்டத்தில் அவர்கள் அடித்த ஒரே டச் டவுன் அதுதான். அந்தப் பருவம் முடிய, 2003 ஜனவரியில் மயாமி பல்கலைக்கழகத்தை இரண்டு கூடுதல் நேரங்களுக்குப் பிறகு 31-24 என்று வென்று தேசியப் பட்டம் பெற்றார்கள். அடுத்த ஆண்டு கேம்பிள் பெரும்பாலும் கார்னர்பேக்காகவே ஆடினார். தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2004-இல், முதல் சுற்றில், 28-ஆவது இடத்தில், கரோலினா பாந்தர்ஸ் அவரை எடுத்தது. ஒன்பது பருவங்கள் ஒரே அணி. 27 இன்டர்செப்ஷன்கள், அதாவது பறித்த பந்துகள்; அவர் விடைபெறும்போது அது அந்த அணியின் சாதனை.

இரண்டாமவர் டெட் கின் ஜூனியர். கிளீவ்லாந்தின் கிளென்வில் பள்ளியிலிருந்து வந்தவர். தந்தையே அங்கு பயிற்சியாளர். தடை ஓட்ட வீரர். நாட்டின் தலைசிறந்த பள்ளி கார்னர்பேக்குகளில் ஒருவர் என்ற பெயரோடு 2004-இல் ஒஹையோ ஸ்டேட்டில் நுழைந்தார். அந்த முதல் ஆண்டிலேயே அவரை ரிசீவர் வரிசைக்குக் கொண்டுபோனார்கள். அவ்வளவு வேகத்தைத் தடுப்பில் வைத்திருந்தால் பந்து அவர் கைக்கு எப்போதாவதுதான் வரும், ஆட்டத்துக்குப் பல முறை அவர் கையில் பந்து இருக்க வேண்டும் என்பதே அந்த மாற்றத்தின் கணக்கு. முதல் பருவத்தில் அவர் பிடித்தது 25 பந்துகள்தான். ஆனால் எதிரணி உதைத்த பன்ட்களைப் பிடித்து ஓடி நான்கு டச் டவுன்கள் அடித்தார். 2006-இல் 59 பந்துகள், 781 யார்டு, ஒன்பது டச் டவுன். 2007 டிராஃப்டில் மயாமி டால்ஃபின்ஸ் ஒன்பதாவது இடத்திலேயே அவரை எடுத்துக்கொண்டது.

இங்கே நிறுத்தினால் மாற்றம் அமோக வெற்றி. 28-ஆவது இடத்தைவிட ஒன்பதாவது இடத்துக்குச் சம்பளமும் அதிகம், மதிப்பும் அதிகம். ஆனால் அதற்குப் பிறகான 14 பருவங்களைப் பார்க்க வேண்டும். டால்ஃபின்ஸ் மூன்று ஆண்டுகளில் அவரை ஓர் ஐந்தாம் சுற்றுத் தேர்வுக்கு ஈடாக சான் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பிவிட்டது. அதன்பின் கரோலினா, அரிசோனா, மீண்டும் கரோலினா, நியூ ஆர்லியன்ஸ், சிகாகோ. கேம்பிள் விலகிய 2013-இல்தான் கின் கரோலினாவில் முதலில் சேர்ந்தார். தொழில்முறை வாழ்க்கை முழுவதிலும் 412 பந்துகள், 5,742 யார்டு, 33 டச் டவுன். ஒரு பருவத்துக்குச் சராசரியாக முப்பது பந்துகள்கூட இல்லை. ஒரே ஒரு பருவத்தில், 2015-இல், பத்து டச் டவுன்கள் பிடித்து கரோலினாவை இறுதியாட்டமான சூப்பர் பௌல் வரை கொண்டுபோனதில் பங்கெடுத்தார். அந்தப் பருவத்திலேயே எளிதான பந்துகளைத் தவறவிட்டதற்காகவும் அவர் விமர்சிக்கப்பட்டார். பதினான்கு ஆண்டுகள் என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகில் நிற்பது சாதாரண காரியம் இல்லை. நான் அதைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவரை நிற்க வைத்ததில் பெரும்பங்கு வேகத்துக்கும், உதைக்கப்பட்ட பந்தைத் திருப்பிக் கொண்டோடும் திறமைக்கும் உண்டு. 2009-இல் நியூயார்க் ஜெட்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நூறு யார்டும் அதற்கு மேலுமாக இரண்டு கிக்ஆஃப்களை (ஆட்டத்தைத் தொடங்கும் உதை) டச் டவுனாக்கியவர் அவர். ரிசீவரின் நுணுக்கத்தில் அவர் முதல் வரிசைக்கு வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதில்தான் இந்த ஒப்பீட்டின் மையம் இருக்கிறது.

கார்னர்பேக் எதிராளியின் அசைவுக்குப் பதில் சொல்கிறார். பின்னோக்கி ஓடுவது, இடுப்பைத் திருப்பி முன்னோக்கி ஓட்டமாக மாற்றுவது, எதிராளியின் இடுப்பைப் பார்த்து அவர் திரும்பப் போகும் திசையைக் கணிப்பது ஆகியவை எளிதல்ல, ஆனால் பெரும்பாலும் ஒருவனது உடலுக்குள் பழக்கக்கூடியவை. ரிசீவரின் வேலையில் இன்னொருவரும் இருக்கிறார். குவார்ட்டர்பேக் பந்தை எறியும் கணத்தில் பல நேரங்களில் ரிசீவர் இன்னும் திரும்பியிருக்கவே மாட்டார். பன்னிரண்டு யார்டு ஓடி உள்ளே வெட்ட வேண்டும் என்றால் பன்னிரண்டில் வெட்ட வேண்டும்; பத்தில் வெட்டினால் பந்து எதிரணி கையில் போய்ச் சேரும். ஓட்டப்பாதைகளுக்கு எண்கள் உண்டு. அந்த எண்களை மனப்பாடம் செய்ய ஒரு வாரம் போதும். ஆனால் எதிரணி எப்படி நிற்கிறது என்பதைப் பார்த்து, ஓடும்போதே பாதையை மாற்ற வேண்டிய கட்டங்கள் இருக்கின்றன. குவார்ட்டர்பேக்கும் ரிசீவரும் அதே கணத்தில் அதே முடிவுக்கு வர வேண்டும். அந்த ஒற்றுமை ஆயிரக்கணக்கான எறிதல்களில்தான் விளையும். வசந்தகாலத்தில் கல்லூரி அணிக்கு அனுமதிக்கப்படும் பயிற்சிகள் மொத்தம் 15. அதற்குள் அது விளையாது.

தடுப்பிலிருந்து வருபவருக்கு ஒரு பெரிய கைமுதலும் உண்டு. எதிரே நிற்கும் கார்னர்பேக்கின் தலைக்குள் என்ன ஓடுகிறது என்பது அவருக்குத் தெரியும். எந்தத் தோளுக்கு வெளியே நின்றால் அவன் உள்பக்கத்தைக் காக்கிறான், பின்னால் நிற்கும் கடைசித் தடுப்பாளரான சேஃப்டி எங்கே நின்றால் ஆழத்தில் உதவி வராது, எந்தப் பொய்யசைவை நம்புவான் என்பதையெல்லாம் அனுபவித்து அறிந்தவர். அந்த அறிவு எழுத்தறிவு போன்றது. ஒருமுறை வந்தால் போகாது. பந்தைப் பிடிக்கும் கை இயற்கையாக இருந்து, இந்த அறிவும் சேர்ந்தால் மாற்றம் பலிக்கும்.

பலித்ததற்கு ராய் கிரீன் சாட்சி. ஆர்கன்சாவின் ஹெண்டர்சன் ஸ்டேட் என்ற சிறிய கல்லூரியிலிருந்து 1979-இல் நான்காம் சுற்றில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்குத் தடுப்பு வீரராக வந்தவர். 1981-இல் அவரை ரிசீவராகவும் இறக்கினார்கள். அந்த ஆண்டு இரண்டு பக்கமும் ஆடினார். பிறகு முழுநேர ரிசீவர். 1983-இல் 14 டச் டவுன் பிடித்து லீகின் முன்வரிசையில் நின்றார். 1984-இல் 1,555 யார்டுகளோடு லீகிலேயே முதலிடம். அவருடைய மொத்த யார்டுகள் ஒன்பதாயிரத்துக்குச் சற்றே குறைவு. தடுப்பிலேயே இருந்திருந்தால் நினைவில் நிற்கும் பெயராக இருந்திருப்பாரா என்பது சந்தேகம். ஆனால் கவனிக்க வேண்டியது, அவர் தடுப்பில் தோற்றதால் அனுப்பப்பட்டவர் அல்லர். பந்தைப் பிடிக்கும் கையைப் பார்த்து அழைக்கப்பட்டவர். முழுமையாக மாறுவதற்கு முன்பு அவருக்கு அவகாசமும் தரப்பட்டது.

டெவின் ஹெஸ்டர் இதற்கு நேர்மாறு. மயாமி பல்கலைக்கழகத்தில் தாக்குதல், தடுப்பு, உதை ஆகிய மூன்று பிரிவுகளிலும் ஆடி, 2006-இல் கார்னர்பேக்காகச் சிகாகோ பேர்ஸ் அணிக்குப் போனார். அந்தப் பருவத்தின் சூப்பர் பௌலில் முதல் உதையையே 92 யார்டு ஓடி டச் டவுனாக்கினார். இவ்வளவு அபாயகரமான ஓட்டக்காரனிடம் பந்து அதிகம் போக வேண்டும் என்று 2007-இல் அவரை ரிசீவராக்கினார்கள். கின் விஷயத்தில் ஒஹையோ ஸ்டேட் போட்ட அதே கணக்கு. மிகச் சிறந்த ஆண்டில், 2009-இல், 757 யார்டு. அதற்கு மேல் போகவில்லை. 2024-இல் அவர் தலைசிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் புகழவைக்குள் நுழைந்தது திருப்பி ஓடுபவராகத்தான். ரிசீவர் பருவங்களை அகற்றிவிட்டாலும் அந்த இடம் அவருக்குக் கிடைத்திருக்கும். வேகம் ஒருவனை ரிசீவர் வரிசைவரை கூட்டிக்கொண்டு போகும். வரிசையில் நிலைக்க வைப்பது வேறு திறமை.

எதிர்த்திசையில் போனவர்களைப் பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். ரிச்சர்ட் ஷெர்மன் ஸ்டான்ஃபோர்டில் ரிசீவர். 2008-இல் முழங்கால் காயத்துக்குப் பிறகு கார்னர்பேக்காக மாறினார். 2011-இல் ஐந்தாம் சுற்றில் 154-ஆவது தேர்வாகச் சியாட்டில் அவரை எடுத்தது. இரண்டு ஆண்டுக்குப் பிறகு லீகிலேயே அதிகமாக எட்டு இன்டர்செப்ஷன்கள், கையில் சூப்பர் பௌல் பட்டம். டிரெவான் டிக்ஸ் அலபாமாவில் ரிசீவராகத் தொடங்கி மாறியவர்; 2021-இல் டல்லஸுக்காக 11 பந்துகளைப் பறித்தார். டெக்சஸ் சான் அன்டோனியோவின் டாரிக் வூலன் அதே பாதையில் ஐந்தாம் சுற்றில் சியாட்டிலுக்கு வந்து, முதல் பருவத்திலேயே ஆறு பறித்தார். ஷெர்மனும் வூலனும் ஆறடிக்கு மேல் மூன்று நான்கு அங்குலம் உயரம். உயரமான ரிசீவர் ஒவ்வோர் அணியிலும் இருக்கிறார். வேகமும் உயரமும் சேர்ந்த கார்னர்பேக் அபூர்வம். அதனால் அரைகுறையாகக் கற்றவருக்குக்கூட அணிகள் இடம் தருகின்றன, பொறுமையோடு கற்றுத்தருகின்றன. ரிசீவர் பக்கம் அந்தப் பொறுமை கிடையாது. நான்கு பந்தைத் தவறவிட்டால் அடுத்த பந்து வேறொருவருக்குப் போகும்.

எனவே ஆறடி இரண்டு அங்குலத்துக்கு மேல் உயரமுள்ள கார்னர்பேக்கிடம் நான் தயங்காமல் சொல்வேன்: போகாதீர்கள். கையில் இருப்பதன் விலை உங்களுக்குத் தெரியவில்லை.

பணக் கணக்கைச் சொல்லாமல் விட முடியாது. 2025-இல் சின்சினாட்டியின் ஜமார் சேஸ் ஆண்டுக்கு 4 கோடி டாலருக்குச் சற்று மேல் வாங்கும் ஒப்பந்தம் போட்டார். அதே ஆண்டு அப்போது ஜெட்ஸில் இருந்த சாஸ் கார்ட்னர் கார்னர்பேக்குகளின் உச்சமாக 3 கோடியைச் சற்றுத் தாண்டினார். உச்சத்தில் ஒரு கோடி வித்தியாசம். ஆனால் கல்லூரியில் இடம் மாறுபவர் உச்சத்தை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. அவர் எட்டக்கூடிய இடம் பெரும்பாலும் அணியின் நான்காவது ஐந்தாவது ரிசீவர் இடம். அங்கே இரு பக்கச் சம்பளத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இன்று பெரும்பாலான தாக்குதல் அணிகள் மூன்று ரிசீவர்களை நிறுத்துகின்றன, எதிரே தடுப்பில் மூன்று கார்னர்பேக்குகள் நிற்கிறார்கள். வேலை எண்ணிக்கையிலும் இரண்டும் சமம்தான்.

முன்பு ரிசீவராக மாறியவர்களைக் காப்பாற்றிய திருப்பி ஓடும் வேலையையும் அப்படியே நம்பிவிட முடியாது. 2018 முதல் கல்லூரி ஆட்டத்தில், கிக்ஆஃபைத் தன் 25 யார்டு கோட்டுக்குள் ஓடாமல் பிடித்தாலே பந்து 25-இல் வைக்கப்படுகிறது. ஓடும் வாய்ப்பே குறைந்துவிட்டது. என்.எஃப்.எல். 2024-இல் விதியை மாற்றிக் கிக்ஆஃபுக்கு மீண்டும் உயிர் கொடுத்திருக்கிறது. ஆனால் விதி எப்போது எப்படி மாறும் என்பதை நம்பி ஒரு பத்தொன்பது வயதுக்காரன் வாழ்க்கையை அமைத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றாவது வழி, இரண்டு பக்கமும் ஆடுவது. ஒரு காலத்தில் அதுவே இயல்பாக இருந்தது. ஆட்களைத் தாராளமாக மாற்ற விதிகள் இடம் தந்த பிறகு, 1960-களோடு அந்த மரபு ஏறக்குறைய மறைந்தது. அதை இக்காலத்தில் முழு அளவில் மீட்டவர் டிராவிஸ் ஹண்டர். டியான் சாண்டர்ஸ் பயிற்சியில் முதலில் ஜாக்சன் ஸ்டேட், பிறகு கொலராடோ. 2024-இல் 96 பந்துகள், 1,258 யார்டு, 15 டச் டவுன். தடுப்பில் நான்கு இன்டர்செப்ஷன். கல்லூரிக் கால்பந்தின் சிறந்த வீரருக்கான அந்த ஆண்டின் ஹைஸ்மன் விருதும் அவருக்கே. சிறந்த ரிசீவருக்கான விருதையும் சிறந்த தடுப்பு வீரருக்கான விருதையும் ஒரே பருவத்தில் ஒரே ஆள் வாங்கினார். அந்தத் தடுப்பு விருது, இரு பக்கமும் முழுநேரம் ஆடியவர்களில் கடைசியானவர் என்று கொண்டாடப்படும் சக் பெட்னாரிக்கின் பெயரில் தரப்படுவது. மனம் நிறைந்து பார்க்க வேண்டிய பருவம் அது.

ஆனால் விலையையும் பார்க்க வேண்டும். அந்தப் பருவத்தில் அவர் களத்தில் நின்ற ஆட்டத்துளிகள் (பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஒரு துளி) 1,400-க்கு மேல். 2023-இல் ஒரு மோதலில் கல்லீரலில் காயம்பட்டு மூன்று ஆட்டங்கள் உட்கார்ந்தார். 2025 டிராஃப்டில் ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் மேலே நகர்ந்து இரண்டாவது இடத்தில் அவரை எடுத்தது. இரு பக்கமும் ஆட வைத்தது, ரிசீவராகவே அதிகம். அக்டோபரில் லண்டனில் நடந்த ஆட்டத்தில் எட்டு பந்துகளோடு நூறு யார்டைக் கடந்தார். அந்த மாத இறுதியில் பயிற்சியின்போது முழங்காலில் காயம். ஏழு ஆட்டங்களோடு முதல் பருவம் முடிந்தது. காயத்துக்கு இரட்டை வேலைதான் காரணம் என்று யாரும் நிறுவ முடியாது, நானும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பக்கத்துக் கூட்டங்கள், இரண்டு பக்கத்துத் திட்டங்கள், இரண்டு மடங்கு ஓட்டம் இவற்றுக்கு நடுவே கற்றுக்கொள்ளும் நேரம் குறைகிறது என்பது உறுதி. ஹண்டர் கல்லூரிக்கு வரும்போதே நாட்டின் முதல்நிலைப் பள்ளி வீரர். அவரைப் பார்த்து மற்றவர்கள் திட்டமிடக் கூடாது. பருவத்தில் சில ஆட்டங்களில், குறிப்பிட்ட சில திட்டங்களுக்கு மட்டும் மறுபக்கம் இறங்குவது வேறு; அதை வரவேற்கலாம். கேம்பிள் தன் உண்மையான இடத்தைக் கண்டுகொண்டது அப்படித்தான்.

ஆகவே என் தீர்ப்பு, வீரனின் ஆண்டைப் பொறுத்தது. முதல் ஆண்டு அல்லது இரண்டாம் ஆண்டு, உயரம் சராசரி, பள்ளியில் பந்து பிடித்த அனுபவம் உண்டு, கை நம்பகமானது என்றால் ரிசீவராக மாறுவதை நான் ஆதரிப்பேன். 2025 பருவத்தில் இருந்த விதிப்படி ஐந்து ஆண்டுகளில் நான்கு பருவங்கள் ஆடலாம். நான்கு ஆட்டங்கள் வரை ஆடிவிட்டும் அந்தப் பருவத்தைக் கணக்கில் சேராமல் வைத்துக்கொள்ளலாம். அந்த ஓராண்டை ஓட்டப்பாதைகளுக்கும் குவார்ட்டர்பேக்கோடு பழகுவதற்கும் முழுதாகக் கொடுத்தால் மாற்றத்துக்கு உயிர் உண்டு. மூன்றாம் ஆண்டு முடிந்த கார்னர்பேக், களத்தில் இறங்கும் வாய்ப்பு தடுப்பில் கிடைக்கிற நிலையில், மாறவே கூடாது. டிராஃப்ட் தேர்வாளர்கள் முன் அவர் கொண்டுபோவது ஆட்டப் பதிவுகளைத்தான்; ஒரே ஒரு பருவத்து ரிசீவர் பதிவோடு போனால் இரு பக்கத்திலும் பாதிப் பதிவுதான் இருக்கும். தடுப்பில் இடமே கிடைக்காத மூன்றாம் ஆண்டு வீரருக்கு, அதே வேலையை வேறு கல்லூரியில் தேடுவது மேல். 2021-க்குப் பிறகு, கல்லூரி மாறினால் ஓராண்டு வெளியே உட்கார வேண்டிய கட்டாயம் தளர்ந்துவிட்டது. முன்பு இடம் மாறுவதைத் தவிர வேறு வழியில்லாமல் இருந்தவர்களுக்கு இப்போது வழி திறந்திருக்கிறது.

மாற முடிவெடுப்பவர் ஒப்புக்கொள்வதற்கு முன் பயிற்சியாளரிடம் சில கேள்விகளை நேரடியாகக் கேட்க வேண்டும். என்னிடம் எதைப் பார்த்து அழைக்கிறீர்கள், வேகத்தையா, கையையா? "வேகம்" என்று மட்டும் பதில் வந்தால், கின்னும் ஹெஸ்டரும் நினைவுக்கு வரட்டும். அவர்கள் அளவுக்கு வேகம் தன்னிடம் இருக்கிறதா என்று வீரன் தன்னையே கேட்டுக்கொள்ளட்டும். ரிசீவர் வரிசையில் எனக்கு முன்னால் எத்தனை பேர், அவர்களில் யார் அடுத்த ஆண்டு போகிறார்கள்? அடுத்த பருவத்தில் பந்து எறியப்போகும் குவார்ட்டர்பேக் யார், அவரோடு எனக்கு எத்தனை பயிற்சி கிடைக்கும்? தடுப்புப் பயிற்சியாளரிடம் இதைப் பேசிவிட்டீர்களா, ஆறு வாரம் கழித்து நான் திரும்பி வந்தால் அவர் இடம் வைத்திருப்பாரா? உதவித்தொகையிலும், இப்போது பல்கலைக்கழகங்கள் வீரர்களோடு நேரடியாகப் பகிர்ந்துகொள்ளும் வருவாயிலும் என் பங்கு இதனால் மாறுமா? கடைசிக் கேள்வியை வாயால் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். தலைமைப் பயிற்சியாளர்கள் ஒரு பருவத்துக்குள் வேறு வேலைக்குப் போய்விடுவது அங்கே வாடிக்கை.